மாகாணத்துக்கு ஒரு வாக்கியம், ஒழுங்கைக்கு ஒரு மழை

"வடக்கு மாகாணத்தில் பல தடவைகள் மழை பெய்யும், சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை பெய்யக்கூடும்." ஐப்பசி பிறந்ததிலிருந்து தை முடியும்வரை இந்த வாக்கியத்தையோ இதற்கு நெருங்கிய இன்னொன்றையோ கேளாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. அதைக் கேட்ட மறுநாள் காலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் இரண்டு விதமான பேச்சும் காதில் விழும். கோண்டாவிலிலிருந்து வந்தவர், "மழை எண்டுதான் சொன்னவை, ஒரு துளி விழேல்லை" என்பார். கொடிகாமத்திலிருந்து மரக்கறி கொண்டுவந்தவர், தமது வளவுக்குள் கணுக்கால் மூடத் தண்ணீர் நிற்கிறதென்றும், இப்படிக் கொட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றும் குறைப்படுவார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால், அந்த வாக்கியத்தை வெளியிட்ட வளிமண்டலவியல் திணைக்களமும் தனது எதிர்வுகூறல் சரியாகவே அமைந்தது என்று சொல்ல முடியும். மூன்றும் ஒரே வேளையில் எப்படி உண்மையாக இருக்க முடிகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான், எச்சரிக்கை மழைக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியையே நாம் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கலாம்.

முதலில் அந்த வாக்கியத்தையே பிரித்துப் பார்ப்போம். வடக்கு மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழ 8,880 சதுர கிலோமீற்றர். மேற்கே நெடுந்தீவும் மன்னாரும், கிழக்கே கொக்கிளாயும், தெற்கே வவுனியாவின் காட்டு எல்லையும், வடக்கே பருத்தித்துறை முனையும் அதற்குள் அடங்கும். யாழ்ப்பாண மாவட்டம் அதில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே. ஆகவே, முல்லைத்தீவில் ஒரு மழைமானியில் 120 மில்லிமீற்றர் பதிவாகி, யாழ்ப்பாண நகரில் வெயில் எறித்தாலும் "சில இடங்களில்" என்ற சொல் காப்பாற்றப்பட்டுவிடும். அடுத்தது வினைச்சொல். "பெய்யும்", "பெய்யக்கூடும்", "பெய்யும் சாத்தியம் உண்டு" என்று மூன்று முடிவுகள் நமது அறிவித்தல்களில் மாறி மாறி வருகின்றன. தமிழ் அறிந்தவருக்கு இம்மூன்றுக்கும் இடையே உறுதியில் வேறுபாடு உண்டு என்பது தெரியும். ஆனால் எத்தனை வேறுபாடு என்பது எவருக்கும் தெரியாது. பத்தில் மூன்று தடவை நடப்பதையும் "பெய்யக்கூடும்" என்று சொல்லலாம், பத்தில் எட்டுத் தடவை நடப்பதையும் அப்படியே சொல்லலாம். வெங்காயம் கிண்டுவதா இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய கமக்காரனுக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் முழு வருமானமும்.

100 மில்லிமீற்றர் என்ற எண்ணும் நம் மனதில் உருவம் பெறாமலே கடந்து போகிறது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு ஏக்கர் பதினாறு பரப்பு. அப்படியானால் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்புக் காணியில் 25,000 லீற்றருக்கும் மேற்பட்ட நீர் விழுகிறது. வீட்டுக் கூரைமேல் நாம் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் இருபத்தைந்தை ஒரே வளவுக்குள் கவிழ்த்துவிடுவதற்குச் சமம் அது. நான்கு பரப்புக் காணியில் வாழும் குடும்பத்துக்கு நூறு தாங்கி. இந்தக் கணக்கை அறிவித்தலோடு சேர்த்துச் சொன்னால் எண்ணுக்கு எடை வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நீர் எத்தனை மணித்தியாலத்தில் விழுகிறது என்பது எண்ணுக்குள் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் மழைவீழ்ச்சி, காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணித்தியாலங்களுக்கு உரியது. நாள் முழுவதும் தூறலும் மழையுமாகச் சேர்ந்த 60 மில்லிமீற்றரை நிலம் குடித்துவிடும். அதே 60 மில்லிமீற்றர் பாடசாலை விடும் நேரத்தில் ஒரே மணித்தியாலத்தில் விழுந்தால் காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியோரத்து வாய்க்கால்களால் தாங்க முடியாது. பதிவேட்டில் இரண்டும் ஒரே எண். இன்னொரு சிக்கலும் அந்த 8.30 மணிக்குள் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி நண்பகல்வரை விடாது பெய்த ஒரு மழையை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பாதி நேற்றைய கணக்கிலும் மறுபாதி இன்றைய கணக்கிலும் போய்ச் சேரும். வளவில் நின்று பார்த்தவருக்கு அது ஒரே மழை, 140 மில்லிமீற்றர் மழை; பதிவேட்டில் எழுபதும் எழுபதுமாக இரண்டு நாள் மழை, 100 என்ற எல்லையைத் தொடாத மழை. மழைமானியின் வாய் ஒரு சாணுக்கு மேற்படாத அகலமுடையது என்பதையும், மாவட்டத்தில் அத்தகைய மானிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களிலேயே உள்ளன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "உத்தியோகபூர்வ மழை" என்பதும் "பெய்த மழை" என்பதும் ஏன் அடிக்கடி விலகி நிற்கின்றன என்பது புரியும்.

கடலுக்கு அப்பாலிருந்து வரும் சொற்கள் இந்தக் குழப்பத்தை மேலும் கூட்டுகின்றன. யாழ்ப்பாணத்து வீடுகளில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன; நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் சிவப்பு எச்சரிக்கை என்றால் காங்கேசன்துறையிலும் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் சொற்களின் அளவு வேறு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 64.5 மில்லிமீற்றரைத் தொட்டாலே அது "கனமழை", 115.6இலிருந்து "மிகக் கனமழை", 204.4ஐத் தாண்டினால் "அதிகனமழை". இங்கே நமது திணைக்களம் "பலத்த மழை" என்று சொல்லும்போது பெரும்பாலும் 100 மில்லிமீற்றரையும், "மிகப் பலத்த மழை" என்னும்போது 150ஐயும் எல்லையாக வைத்துப் பேசுகிறது. ஒரே வீட்டில், ஒரே மாலையில், சென்னையின் "கனமழை"யும் கொழும்பின் "பலத்த மழை"யும் கேட்கப்படுகின்றன. கேட்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்.

மேகத்தின் அகலமும் குடாநாட்டின் அகலமும்

இனி வானத்தின் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் விழுகிறது. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று முன்னோர் சொன்னது பதிவேடுகளோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்த மாதங்களின் மழை ஒரே இனத்தைச் சேர்ந்ததன்று.

ஒக்ரோபரில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வாடை என்னும் வடகிழக்குக் காற்று நிலைகொள்ளாத இடைக்காலத்தில், காற்று தளர்ந்திருக்கும். பகலில் நிலம் சூடேறி, மாலையில் இடியோடு மழை பெய்யும். அந்த மேகம் ஒவ்வொன்றும் சில கிலோமீற்றர் அகலமே உடையது. ஒரு மணித்தியாலம் வாழ்ந்து அழிந்துபோகும். இணுவிலில் கொட்டி, சுன்னாகத்தில் வீதியை நனைத்து, மல்லாகத்தில் தூசியைக்கூட அடக்காமல் போவது இந்த மழைதான். இன்று மாலை குடாநாட்டில் எங்கோ இடிமழை உண்டு என்று முற்பகலில் சொல்ல முடியும். எந்த ஊரில் என்று சொல்ல உலகின் எந்த நிலையத்தாலும் இன்று இயலாது. ஆகவே ஒக்ரோபர் எச்சரிக்கை பொய்த்ததாகப் பலர் உணர்வது இயல்பே. மழை பெறும் ஊர்களைவிடப் பெறாத ஊர்கள் ஒவ்வொரு மாலையும் அதிகமாகவே இருக்கும்.

நவம்பர் நடுப்பகுதிக்குப் பின்னர் வருவது வங்காள விரிகுடாவின் தாழமுக்க மழை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்த மேகத்திரள் அது. பெய்தால் தெல்லிப்பளைக்கும் சாவகச்சேரிக்கும் ஊர்காவற்றுறைக்கும் சேர்த்தே பெய்யும். நாலைந்து நாட்களுக்கு முன்பே அதன் வருகை தெரிந்துவிடுவதால், எச்சரிக்கையும் அனுபவமும் மிக நெருங்கி வரும் பருவம் இதுவே. எனினும் இங்கே தவறு வேறொரு வழியாக நுழைகிறது. வட இந்து சமுத்திரத்தில் உருவாகும் சூறாவளிகளின் பாதையை 24 மணித்தியாலத்துக்கு முன் கணிக்கும்போது நேரும் சராசரி வழு, அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோமீற்றர். உலகத்தரத்தில் இது நல்ல கணிப்பு. ஆனால் பருத்தித்துறைக்கும் அக்கரையிலுள்ள கோடிக்கரைக்கும் இடையிலான தூரமே ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான். வடக்குத் தெற்காகக் குடாநாட்டின் அகலம் அதன் பாதிகூட இல்லை. சென்னைக்கோ ஆந்திரக் கரைக்கோ "சிறிது விலகியது" என்று தோன்றும் அதே வழு, நமக்கு முழுக் குடாநாட்டையும் மழைக்குள் வைப்பதாகவோ வெளியே எடுப்பதாகவோ ஆகிவிடுகிறது. மெலிந்த நிலத்தில் வாழ்பவர்களுக்கு எதிர்வுகூறல் இயல்பாகவே கடினமானது.

கைபேசியில் பார்க்கும் மேகப் படத்துக்கும் இதே தடை உண்டு. அந்தச் செயலிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஓடும் உலகளாவிய கணினி மாதிரிகளின் விடையையே காட்டுகின்றன. அவற்றுள் நுண்மையானவை பூமியை 9 கிலோமீற்றர், 13 கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பல இலவசச் செயலிகளுக்குக் கிடைப்பது அதைவிடப் பருமனான, ஏறத்தாழ 28 கிலோமீற்றர்ச் சதுரங்களின் தரவு. அத்தகைய ஒரு சதுரத்தைக் குடாநாட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அதில் பாதி கடலும் நீரேரியுமாக இருக்கும். செயலியில் "நல்லூர்" என்று பெயர் காட்டப்பட்டாலும், அதன் கீழே தெரியும் மழை நல்லூரினது ஆகாது. அந்தச் சதுரத்தின் சராசரியே அது.

நிகழும் மழையைப் பார்க்கும் கண் ராடார். இலங்கையில் டொப்ளர் ராடார் அமைக்கும் முயற்சியின் கதை நீண்டது, வருத்தம் தருவது. தெற்கே கொங்கல மலையில் நிறுவ எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் யப்பானின் உதவியோடு புத்தளத்திலும் பொத்துவிலிலும் அமைக்கத் திட்டமிடப்பட்டது பல ஆண்டுகள் இழுபட்டது. புத்தளமே யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஆதலால் இங்கு மழையைக் கூர்ந்து கவனிப்பவர்கள் காரைக்காலில் உள்ள இந்திய ராடாரின் படத்தையே இணையத்தில் பார்க்கிறார்கள். அது வட கடலுக்கு அப்பால், 140 கிலோமீற்றர் தொலைவில். பூமி வளைந்திருப்பதாலும் ராடாரின் கதிர் சற்று மேல்நோக்கிச் செல்வதாலும், யாழ்ப்பாணத்தை அடையும்போது அந்தக் கதிர் நிலத்துக்கு மேலே இரண்டு கிலோமீற்றருக்கும் அதிக உயரத்தில் இருக்கும். உயரத்தில் உள்ள நீர்த்துளியைக் காணும். அதற்குக் கீழே தாழ்ந்த மேகத்தில் பிறந்து விழும் மழையைத் தவறவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலிலிருந்து தாழ்வாக நகர்ந்து வந்து பொழியும் மழையில் இத்தகையது உண்டு. படத்தில் ஒன்றும் இல்லை, முற்றத்தில் மழை என்ற அனுபவத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கு கார்த்திகைகள்

பொதுவாகப் பேசுவதைவிட நடந்தவற்றைப் பார்ப்பது நல்லது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் பதிவானது. ஒரு முழு நவம்பர் மாதத்தின் சராசரி மழைக்கு நிகரானதை அந்த ஒரு நாள் கொண்டுவந்தது. போர் உச்சத்தில் இருந்த காலம். வன்னியில் மக்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். அந்த மழைக்கு எந்த எச்சரிக்கை யாரைச் சென்றடைந்தது என்று கேட்பதே அன்று பொருளற்றதாக இருந்தது. எச்சரிக்கை என்பது வானிலைக் கணிப்பு மட்டுமன்று, அது சென்றுசேரும் வழியும் சேர்ந்ததே என்பதற்கு அந்த நாட்களைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. எல்லோரும் காற்றுக்கு ஆயத்தமானார்கள். கூரைத் தகரங்களுக்கு மேல் மணல் மூடைகள் ஏறின, படகுகள் கரையில் உயர இழுக்கப்பட்டன. அந்தப் புயல் மன்னார் வளைகுடாவுக்குப் போய் வலுவிழந்து, அங்கே ஒரு நாளுக்கு மேல் நகராமல் கிடந்தது. காற்று அஞ்சிய அளவுக்கு வரவில்லை. நீர் வந்தது. வலுவிழந்துவிட்டது என்ற செய்தி கேட்டு ஆறுதலடைந்தவர்களின் வீடுகளுக்குள் அதற்குப் பின்னரே வெள்ளம் ஏறியது.

2022 டிசம்பரில் மாண்டஸ் வங்கக் கடலில் வடமேற்காகச் சென்றபோது நமக்கு மழை குறைவு. ஆனால் வறண்ட குளிர் காற்று வீசியது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிர் தாங்காது இறந்தன. மழையளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த நாட்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

2024 நவம்பர் கடைசி வாரத்தை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி தொடங்கியிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையோரமாக ஆழ்ந்த தாழமுக்கம் மிக மெதுவாக வடக்கு நோக்கி ஊர்ந்தது. அது 27ஆம் திகதியளவில் புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. ஃபெங்கல் என்ற பெயரை அது பெற்றது 29ஆம் திகதியே. 30ஆம் திகதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. செய்திகள் எல்லாம் "புயலாக மாறுமா, மாறாதா" என்ற கேள்வியைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து வெள்ளமோ பெயர் சூட்டப்படும்வரை காத்திருக்கவில்லை. 26ஆம், 27ஆம் திகதிகளிலேயே தாழ்ந்த பகுதிகள் மூழ்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டு, பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டுவிட்டது. மெதுவாக நகர்ந்ததே அந்தத் தாழமுக்கத்தின் கொடுமை: வேகம் குறைந்ததால் ஒரே நிலத்தின் மேல் அதிக நேரம் பெய்தது. புயல் வரவில்லை, ஆகவே எச்சரிக்கை பொய் என்று அன்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் அதைச் சொல்லும்போது தண்ணீருக்குள் நின்றார்கள். காற்றின் வேகத்தை வைத்துத் தரும் பட்டத்தை, மழையின் அளவுக்கும் உரியதாக மக்கள் எடுத்துக்கொள்ளும்படி நமது அறிவித்தல் மரபு பழக்கிவிட்டிருக்கிறது. அடுத்த ஆண்டே, 2025 நவம்பர் 28ஆம் திகதி கரையைக் கடந்த டித்வா இதை நாடு முழுவதற்கும் பெருந்துயரோடு காட்டியது. புயலின் மையம் கிழக்கிலும் வடக்கிலும் நகர்ந்தபோது, உயிர்ச்சேதத்தில் பெரும்பகுதி மண்சரிந்த மலையகத்தில் நேர்ந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நனைந்த நிலத்தின் கணக்கு

ஒரே அளவு மழை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக அனுபவிக்கப்படுவதற்கு வானம் பொறுப்பன்று. வலிகாமத்தின் செம்மண் நீரை விரைவாக உள்ளே விடும். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்புகளும் குகைகளும். தென்மராட்சியின் வயல்நிலமும் நீரேரிக் கரையோரங்களும் அப்படியல்ல. நாவாந்துறை, பொம்மைவெளி, குருநகர் போன்ற தாழ்ந்த கரையோரக் குடியிருப்புகளில் கடல் மட்டமே வடிகாலின் எல்லை. கடல் உயர்ந்து நிற்கும் நாளில் வாய்க்கால் வெட்டியிருந்தாலும் நீர் போக இடமில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் உயிர்பெற்று அராலியில் நீரேரியோடு சேர்வது. அப்படியிருக்க, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அராலியிலும் உள்ள தடுப்பணைக் கதவுகள் எப்போது திறக்கப்படுகின்றன என்பது, எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்பதைப் போலவே வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. தூர்ந்துபோன குளங்களையும், மதில் கட்டி மறித்த வெள்ளவாய்க்கால்களையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலமும் ஒரு காரணி. ஒக்ரோபர் தொடக்கத்தில் கிணறுகள் ஆழத்தில் இருக்கும். அப்போது விழும் 120 மில்லிமீற்றர் மழை, வெடித்த நிலத்துக்குள் இறங்கி மறுநாளே தடமில்லாமல் போகும். டிசம்பர் தொடக்கத்தில் கிணற்றில் கையால் அள்ளும் அளவுக்கு நீர் ஏறியிருக்கும், நிலத்துக்குள் இடமில்லை. அப்போது 60 மில்லிமீற்றரே வெள்ளம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் மழையை மில்லிமீற்றரில் அளந்ததில்லை. கிணற்றுக் கட்டுக்குள் எட்டிப் பார்த்து, எந்தப் படி மறைந்திருக்கிறது என்று சொல்லி, அடுத்த மழை முற்றத்தில் நிற்குமா நிற்காதா என்று தீர்மானித்தார்கள். நிலத்தடி நீரின் நிலையையும் வருகிற மழையின் அளவையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைத்தான் இன்று உலக வளிமண்டலவியல் அமைப்பு, விளைவை முன்வைக்கும் எச்சரிக்கை என்ற பெயரில் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது. "100 மில்லிமீற்றர் பெய்யக்கூடும்" என்பதோடு "கிணறுகள் நிரம்பிய நிலையில் இருப்பதால் தாழ்ந்த வளவுகளில் நாளை இரவு நீர் தேங்கும்" என்றும் சொன்னால், அதைக் கேட்பவர் அரிசி மூடையை மேசைமேல் தூக்கி வைப்பார்.

பொருத்தத்தை எப்படி அளப்பது

எச்சரிக்கை எத்தனை வீதம் சரி என்று கேட்பது எளிது, விடை ஏமாற்றக்கூடியது. 1884இல் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய ஜோன் ஃபின்லி என்பவர் சுழல்காற்றுகளை (டொர்னாடோ) முன்கூட்டிச் சொல்ல முயன்று, தமது 2,803 எதிர்வுகூறல்களில் 96.6 வீதம் சரி என்று அறிவித்தார். சில மாதங்களிலேயே கில்பேர்ட் என்ற அறிஞர் ஒரு குறையைச் சுட்டினார்: எந்த நாளிலும் சுழல்காற்று வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 வீதம் சரியாக இருந்திருக்கும். ஃபின்லியின் கணக்கை விரித்தால், அவர் வரும் என்று சொன்ன 100 தடவையில் வந்தது 28. வந்த 51 சுழல்காற்றுகளில் அவர் சொல்லாமல் விட்டது 23. "வராது" என்று சொல்லி வராமல் போன 2,680 தடவைகள்தான் அவருடைய வீதத்தை உயர்த்தின. அவருடைய எச்சரிக்கை பயனற்றதென்று இதனால் ஆகிவிடாது. ஒன்றுமே சொல்லாதிருப்பதைவிட, பாதிக்கு மேற்பட்ட ஆபத்துகளை முன்னறிவித்தது பெரிது.

யாழ்ப்பாணத்தில் யூனிலும் யூலையிலும் நாள்தோறும் "மழையற்ற காலநிலை" என்று எவர் சொன்னாலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் வீதம் எடுத்தால் அந்த வெயில் நாட்கள் மாரியின் தவறுகளை மூடிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குடாநாட்டில் உண்மையில் 100 மில்லிமீற்றரைத் தாண்டிய நாட்களில் எத்தனைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது? எச்சரிக்கை விடுத்த நாட்களில் எத்தனையில் குடாநாட்டின் ஏதாவதொரு மானி அந்த அளவைத் தொட்டது? இவ்விரண்டு எண்களையும் ஒவ்வொரு ஆண்டும் மாவட்ட வாரியாகத் தமிழில் மக்கள் முன் வைத்தால், நம்பிக்கையும் அவநம்பிக்கையும் கேள்விச்செவியில் நிற்காமல் கணக்கில் நிற்கும். இது திணைக்களத்துக்கு எதிரான கோரிக்கை அன்று. தனது வேலையின் தரத்தைக் காட்ட அதற்குக் கிடைக்கும் வழியும் இதுதான்.

இதைச் சொல்லும்போது, உள்ளூரில் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிவரும் உழைப்பையும் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா மாரி காலத்தில் தமிழில் வெளியிடும் விளக்கங்களை வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையானோர் வாசிக்கிறார்கள். மாகாணம் என்ற பெருஞ்சொல்லுக்குள் நில்லாமல் மாவட்டத்தையும் திகதியையும் சொல்வதும், ஏன் பெய்கிறது என்று விளக்குவதும், முதலிலேயே தமிழில் எழுதப்படுவதும் அதற்குக் காரணங்கள். உத்தியோகபூர்வ அறிவித்தல் தமிழுக்கு வர எடுக்கும் நேரம், மெதுவாக ஊரும் தாழமுக்கத்துக்குப் பொறுக்கலாம். மாலை இடிமழைக்கும் மின்னலுக்கும் அந்தத் தாமதம் எச்சரிக்கையையே இல்லாமல் செய்துவிடும்.

தவறிய எச்சரிக்கைக்கும் வீணான எச்சரிக்கைக்கும் எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவித்தல் வந்து கடல் அமைதியாகவே இருந்தால், மயிலிட்டியிலோ குருநகரிலோ ஒரு குடும்பம் ஒரு நாள் உழைப்பை இழக்கும். அறிவித்தல் வராமல் காற்று எழுந்தால் இழப்பது உயிர். அவர்களுக்கு நான்கு எச்சரிக்கையில் மூன்று வீணானாலும் நான்காவது போதும். உருளைக்கிழங்கு நட்டிருக்கும் வலிகாமத்துக் கமக்காரருக்கு அப்படியல்ல. ஒவ்வொரு வீண் எச்சரிக்கையும் வாய்க்கால் வெட்டும் கூலியாகவும் தள்ளிப்போன மருந்தடிப்பாகவும் அவர் கையிலிருந்து போகிறது. இருவருக்கும் ஒரே வாக்கியத்தை வாசிப்பதால்தான் ஒருவருக்கு அது போதாமலும் மற்றவருக்கு மிகையாகவும் தோன்றுகிறது. எத்தனை வீதச் சாத்தியம் என்ற எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால், எந்த எல்லையில் அசைய வேண்டும் என்பதை அவரவரே முடிவெடுத்துக்கொள்வர்.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது கார்த்திகையில் அன்று, தையில்தான். மாரி மழையில் விளையும் காலபோக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் அந்த மாதத்தில் யாழ்ப்பாணத்தின் சராசரி மழை குறைவு. வானொலியைக் கூர்ந்து கேட்கும் பழக்கமும் அதற்குள் தளர்ந்துவிடும். அப்போது வரும் தாழமுக்கம் 40 மில்லிமீற்றர் மட்டுமே கொண்டுவந்தாலும், எந்த நிற எச்சரிக்கைக்கும் எட்டாத அந்த மழை விளைந்த பயிரை நிலத்தோடு படுக்க வைத்து, கதிரிலேயே நெல்லை முளைக்கச் செய்துவிடும். அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஈரமான வயலுக்குள் அது இறங்காது. ஆகவே தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஒரு கமக்காரர் அறிய விரும்புவது 100 மில்லிமீற்றர் பெய்யுமா என்பதையல்ல. அடுத்த ஐந்து நாளில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் இருக்குமா என்பதையே அவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வாக்கியத்தை நாம் வழக்கமாகக் கேட்கும் அறிவித்தல்களில் காண்பது அரிது. மழை ஓய்ந்த வயல் வரம்பில் நின்று வாடைக்காற்றின் குளிரைத் தோளில் உணர்ந்து, கிழக்கு வானத்தைப் பார்த்தே அவர் இயந்திரக்காரருக்குத் தொலைபேசி எடுக்கிறார்.